நீங்கள் இருந்த கதிரை

அன்றைக்கு நீங்கள் எழும்பவில்லை, செயலாளர் ஐயா. கோத்-தே-நேஜ் பகுதியில் அந்தத் தேவாலயத்தின் நிலத்தடி மண்டபத்தில் சாம்பல் நிற இரும்புக் கதிரைகள் போட்டிருந்தார்கள். மடக்கிச் சுவரோடு அடுக்குகிற கதிரைகள். ஆள் எழும்பினால் கிறீச்சென்று சத்தம் போடும். எங்கள் ஆட்கள் அத்தனை பேருடைய கதிரைகளும் ஒன்றாகக் கிறீச்சிட்டன. உங்கள் கதிரை மட்டும் சத்தம் போடவில்லை. மடியில் ஒரு தடித்த ஃபைலை வைத்துக்கொண்டு, சப்பாத்து நுனியைப் பார்த்தபடி நீங்கள் இருந்தீர்கள். எழும்பினால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குள் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

இதை நான் இத்தனை வருடமும் வீட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வெளியில் சொல்ல வைத்தது நீங்கள்தான். எங்கள் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட சிறப்பு மலரில் எங்கள் ஆரம்ப காலத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். பூங்காவில் எங்களுக்கு இருந்த அறை பறிபோனதைப் பற்றி அதில் ஒரு வரி வருகிறது: சபை நடைமுறை அறியாத ஒரு பெரியவரின் அவசரத்தால் அந்த இடத்தை இழக்க நேர்ந்ததாம். அந்தப் பெரியவரை எனக்குத் தெரியும். நாங்கள் எல்லோரும் அவரைச் சேர்மன் மாமா என்றுதான் கூப்பிட்டோம். மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு கிராமச் சபைக்குத் தலைவராக இருந்தவர். நடைமுறை அறியாதவர் என்று நீங்கள் எழுதிய மனிதர், ஊரில் நடைமுறையைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசாதவர்.

முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. பூங்காவின் ஒரு மூலையில் சிறிய செங்கல் கட்டடம். ஷாலே என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாட வருகிற பிள்ளைகள் சப்பாத்து மாற்றுவதற்காக நகரசபை கட்டி வைத்தது. உள்ளே சுவரைச் சுற்றி மரவாங்குகள். மேலே சூடாக்கி. தரைப் பலகை முழுக்கச் சறுக்குச் சப்பாத்தின் கத்தி கீறிய தழும்புகள். தவழுகிற பிள்ளைகளின் உள்ளங்கையில் சிராய் ஏறும். ஊசியால் குத்தி எடுப்போம். ஆனால் அது சூடான இடம், பூட்டுள்ள கழிவறை உள்ள இடம், வீட்டுக்காரன் வந்து கதவு தட்டாத இடம். பள்ளிக்கூட நேரத்தில் சறுக்க யாரும் வருவதில்லை. அதனால் பகலில் அது காலியாகக் கிடந்தது.

நாங்கள் அகதிகளாக வந்து இறங்கிய காலம். எங்கள் வழக்குகள் முடியவில்லை. கார்தெரியில், அதுதான் இங்குள்ள பிள்ளைகள் காப்பகத்தில், பிள்ளையைச் சேர்ப்பதற்கு எங்களுக்குக் கையில் இல்லாத பத்திரங்களைக் கேட்டார்கள். நான் சபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் கழுத்துப்பட்டி தைத்தேன். கணவர் டவுன்டவுனில் ஓட்டல் சமையலறையில் இரவு வேலை. பகலில் நித்திரை கொள்ளாவிட்டால் அவருக்கு இரவில் வேலை ஓடாது. எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஒரு நாள் குளிரில் இரண்டு பெண்கள் பிள்ளைகளோடு அந்த ஷாலேக்குள் ஒதுங்கினார்கள். காவலுக்கு இருந்த கியூபெக் மனிதர் அவர்களைத் துரத்தவில்லை. அடுத்த நாளும் போனார்கள். அதிலிருந்து அது வளர்ந்தது. மாலை வேலைக்குப் போகிறவர்கள் பகலில் மற்றவர்களின் பிள்ளைகளையும் பார்ப்பது, பகல் வேலைக்குப் போகிறவர்கள் சனி, ஞாயிறில் பார்ப்பது என்று ஒரு முறை வந்தது. என் மகள் நடை பழகியது அந்தக் கீறல் விழுந்த தரையில்தான்.

முறை வந்தது என்றேன். அதைக் கொண்டு வந்தவர் சேர்மன் மாமா. அவரும் மாலையில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவப் போகிறவர். பகலில் மகனுடைய இரண்டு அறை வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஷாலேக்கு வந்துவிடுவார். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருப்பார், காலில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். எங்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு அது சபை. யார் எப்போது வருவது, யார் பால் கொண்டு வருவது, யார் தரை துடைப்பது எல்லாவற்றையும் பிரேரிக்க வேண்டும், வழிமொழிய வேண்டும்.

“சேர்மன் மாமா, பால் போத்தலுக்குமா தீர்மானம்?” என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“ஓம் புள்ள. தீர்மானமில்லாமக் குடிச்சா வயித்தால போகும்” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அவர் புனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. ஊரில் பஸ் நிற்கும் இடத்தைத் தன் மைத்துனனின் கடைக்கு முன்னால் மாற்றியவர் அவர். அதை அவரே சொல்வார். “அதுதான் நல்ல இடம். நிழல் கிடந்தது” என்பார். பழைய இடத்தில் நிழல் இல்லையா என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். புகழ்ச்சி பிடிக்கும். தன்னை மதிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். நாங்களும் மதித்தோம். எங்கள் பக்கத்தில் அது யாரும் சொல்லித் தருவதில்லை: சேர்மன் உள்ளே வந்தால் எழும்ப வேண்டும், சேர்மன் எழும்பினால் எழும்ப வேண்டும், அவர் நிற்கும்போது நாங்கள் கதிரையில் இருப்பது அவரை அவமதிப்பது. ஷாலேயில் அவர் கதவைத் திறந்தால் மடியில் பிள்ளையோடு இருக்கிற பெண்கள்கூட எழும்புவார்கள். “இரிங்க, இரிங்க. இது கனடா” என்பார். ஆனால் கடைசி ஆள் எழும்பி முடியும் வரைக்கும் அதைச் சொல்ல மாட்டார். யாழ்ப்பாணத்துப் பெண்கள் முதலில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் எழும்பத் தொடங்கினார்கள். எல்லோரும் நிற்கும்போது ஒருவர் மட்டும் இருப்பது கஷ்டம். உங்களுக்கு மட்டும் அது எப்படி முடிந்தது என்றுதான் கேட்கிறேன்.

ஒரு தடவை பஸ்ஸில் போனோம். சேர்மன் மாமா முன் இருக்கையில். எந்த இடம் வந்திருக்கிறது என்று பார்க்க அவர் எழும்பினார். பின்னால் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் எழும்பினார்கள். இவ்வளவு பேர் இறங்கப் போகிறார்கள் என்று நினைத்து ஓட்டுநர் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தார். குளிர்காற்று உள்ளே அடிக்கிறது. யாரும் இறங்கவில்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்க்கிறார். சேர்மன் மாமா அவருக்கு மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் இருந்தார். நாங்களும் இருந்தோம். “மாமாக்கு முழங்கால் பிடிச்சாலும் நமக்குத்தான் வேலை” என்று என் கணவர் காதுக்குள் சொன்னார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நீங்களும் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறீர்கள், செயலாளர் ஐயா. ஒரு கல்யாண வீட்டில் உங்களுக்கு முன்னால்தான் அதை நடித்துக் காட்டினோம். சேர்மன் எழும்பினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள்.

பிறகு ஷாலே கதவில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். கட்டடத்தை இடித்துவிட்டு, பக்கத்துக் கடைத்தெருவுக்கு வருகிறவர்களுக்காக வாகனத் தரிப்பிடம் போடுவது பற்றி நகரசபை யோசிக்கிறது. குடியிருப்பாளர்களின் விருப்பத்தை அறியக் கூட்டம் வைக்கிறார்கள். காவலாளிதான் வாசித்துச் சொன்னார். பிரெஞ்சும் ஆங்கிலமும் கையும் காலும் கலந்து சொன்னார். ஷாலே போனால் அவருடைய வேலையும் போகும். நாங்கள் நிறையப் பேர் வந்தால் இடிக்க மாட்டார்கள் என்றார்.

அந்த வாரம் முழுக்கச் சேர்மன் மாமா ஒரு கேள்வியைப் பழகினார். ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி. மேடம் சேர்மன், பிள்ளைகள் எங்கே போவார்கள்? அவ்வளவுதான். நீளமாகப் பேசினால் சபையில் வெட்டிவிடுவார்கள், குறுகிய கேள்விதான் உள்ளே இறங்கும் என்பது அவருடைய அனுபவம். மரவாங்கில் எங்களை வரிசையாக இருத்திவிட்டு, எழும்பி நின்று, கழுத்துப்பட்டியைச் சரிசெய்து கேட்பார். அவர் எழும்ப நாங்கள் எழும்புவோம்.

“நான் பேசக்குள்ள நீங்க என்னத்துக்கு எழும்புறீங்க? நீங்கதான் சபை. இரிங்க!” என்று கத்துவார்.

இருப்போம். அடுத்த தடவை அவர் எழும்ப மறுபடியும் எழும்புவோம். பிள்ளைகளும் எழும்பும். சிரித்துச் சிரித்து அந்த ஒத்திகை ஒருநாளும் ஒழுங்காக முடியவில்லை. “இருந்துக்கிட்டுப் பேசினா பதிவில்ல புள்ள” என்று அவர் எனக்கு விளக்கினார். அவருடைய சபையில் உறுப்பினர் எழும்பி நின்று பேசினால்தான் அது பதிவில் ஏறும். இருந்தபடி என்ன கத்தினாலும் அது வெறும் சத்தம்.

மொழி தெரிந்த ஆள் வேண்டும் என்று சங்கத்தைக் கேட்டோம். நீங்கள் வந்தீர்கள். எங்களுக்கு எல்லாம் முன்னமே இந்த நாட்டுக்குப் படிக்க வந்து, பொறியியலாளராகி, இல்-பிசாரில் தனி வீடு வாங்கி இருந்தவர் நீங்கள். பிரெஞ்சு உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நீங்கள் வந்ததில் எங்களுக்கு எவ்வளவு பெருமை என்று இப்போது எழுதக் கை கூசுகிறது. வாசலில் சேர்மன் மாமாவின் கையைப் பிடித்து, “அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. அவை என்ன சொன்னாலும் நான் பக்கத்தில இருந்து சொல்லுவன்” என்றீர்கள். நான் அருகில்தான் நின்றேன். என் காதால் கேட்டேன்.

மண்டபத்தில் முன்வரிசையில் கடைக்காரர்கள் இருந்தார்கள். நடுவில் வேறு சில குடியிருப்பாளர்கள். பின்பாதி முழுக்க நாங்கள். பிள்ளைகளோடு, கம்பளிக் கோட்டுகளோடு, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தவர்கள். எங்கள் பகுதியின் முதல் வரிசை ஓரத்தில் சேர்மன் மாமா, அவருக்குப் பக்கத்தில் நீங்கள், உங்களுக்குப் பின்னால் நான். நகரசபை உறுப்பினர் ஒரு அம்மா. நல்ல முகம், சிரித்த முகம். ஒரு பலகையில் வரைபடத்தைக் குத்தி வைத்துப் பிரெஞ்சில் பேசினார். அதில் ஷாலே இருந்த இடம் வெறும் சாம்பல் சதுரமாக இருந்தது. ஆரம்பத்தில் நீங்கள் ஒவ்வொரு வசனமாகத் திருப்பிச் சொன்னீர்கள். பிறகு இரண்டு வசனத்துக்கு ஒரு தடவை. பிறகு “வழமையான கதைதான்” என்றீர்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அம்மா பலகையைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டார். முடிவில் லெவே-வு என்றார். முன்வரிசைக் கடைக்காரர்கள் எழும்பினார்கள். சேர்மன் மாமா அதைப் பார்த்தார். பேசுவதற்கு எழும்புகிறார்கள், முறை தொடங்கிவிட்டது, பிந்தினால் தன் கேள்வி போய்விடும் என்று நினைத்தார். இதை அவர் பிறகு எனக்குச் சொன்னார். உங்கள் பக்கம் திரும்பி, “இப்பவா தம்பி?” என்றார். நீங்கள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் எழும்பினார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். கிறீச், கிறீச் என்று பின்பாதி மண்டபம் முழுக்க எழும்பியது. என் மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதனால் நான் மெதுவாக எழும்பினேன். அப்படிப் பாதி எழும்பியபோதுதான் உங்கள் தலையை மேலிருந்து பார்த்தேன். உங்கள் தலைமுடியின் வகிடு எனக்கு இன்றைக்கும் ஞாபகம். இந்த மனிதர் ஏன் இருக்கிறார் என்று நினைத்தேன். படித்தவர், வசதியானவர், சேர்மனுக்கு எழும்பத் தேவையில்லை என்று நினைக்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பையன் பென்சிலோடு வரிசை வரிசையாக எங்களை எண்ணிக்கொண்டு போனான். சேர்மன் மாமா “மேடம் சேர்மன்” என்று தொடங்கினார். அந்த அம்மா அவரைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து “மெர்சி, மெர்சி” என்றார். கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். மாமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தனக்குத்தான் கை தட்டுகிறார்கள் என்று நினைத்து, தலை வணங்கினார். கேள்வி வாய்க்குள்ளேயே நின்றது.

வெளியில் படிக்கட்டில் காவலாளி எங்களுக்காகக் காத்து நின்றார். அவருடைய முகம் சிவந்து கிடந்தது. என்னிடம் அப்போது தொழிற்சாலைப் பிரெஞ்சு கொஞ்சம் இருந்தது. “நான் கதிரையிலேயே இருந்தேன், நீங்கள் எழும்பினீர்கள், ஏன்?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவர் கையால் காட்டினார்: லெவே-வு என்றால் எழும்புங்கள்; இடிப்பதற்கு விருப்பம் உள்ளவர்கள் எழும்புங்கள் என்றுதான் அந்த அம்மா கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னபோது சேர்மன் மாமா முதலில் சிரித்தார். பகிடி என்று நினைத்தார். பிறகு உங்களைத் தேடினார். நீங்கள் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தீர்கள்.

மாமா அதோடு விடவில்லை. நகரசபைக்குப் போனோம், அவரும் நானும். கழுத்துப்பட்டியோடும் ரப்பர் பூட்ஸோடும் அவர் அந்தப் பெரிய கட்டடத்தின் சலவைக்கல் தரையில் நடந்தார். ஒரு உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டார். உங்கள் ஆட்கள் இந்தத் திட்டத்தை ஆதரித்தது உறுப்பினருக்கு மிகவும் சந்தோஷம் என்றார். நாங்கள் ஆதரிக்கவில்லை, எங்களுக்கு விளங்கவில்லை என்றேன். உங்களோடு மொழிபெயர்ப்புக்குச் சங்கத்தின் பிரதிநிதி இருந்தாரே என்றார். அவர் வந்து, மக்களுக்கு விளங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்னொரு கூட்டம் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றார். மாமாவின் முகம் வெளிச்சமானது. ஒரு வார்த்தைதானே. “இவங்கட ஊரில எழும்பினாலே பதிவு புள்ள. வாய் திறக்கத் தேவையில்ல” என்று படியிறங்கும்போது சொன்னார்.

இல்-பிசாருக்குப் பஸ் கிடைப்பது அரிது. இறங்கிய இடத்திலிருந்து பனிக்குள் நடந்து உங்கள் வீட்டுக்கு வந்தோம். உங்கள் மனைவி தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தந்தார். நல்ல மனிசி. பனி ஒட்டிய எங்கள் காலுறையைப் பார்த்துச் சூடாக்கியைக் கூட்டி வைத்தார். மாமா விஷயத்தைச் சொன்னார்.

“அண்ணை, இதைப் பெரிசாக்காதேங்கோ” என்றீர்கள்.

“பெரிசாக்க வரல்ல தம்பி. விளங்காம எழும்பிட்டாங்க எண்டு நீங்க ஒரு வார்த்த சொன்னாக் காணும்.”

“விளங்கேல்லை எண்டு சொன்னா என்ன நினைப்பினம்? ஒண்டும் தெரியாத சனம், கூட்டத்துக்கு வந்து எழும்பி விளையாடுதுகள் எண்டெல்லோ நினைப்பினம்? எங்கட ஆக்களின்ர கேஸ் ஒண்டும் இன்னும் முடியேல்லை. இப்ப போய் நகரசபையோட கொழுவுறதோ? அவை எங்களைப் பற்றி நல்லா நினைக்கினம். அதைக் கெடுக்காதேங்கோ.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணை, உங்களுக்கு விளங்கினதுதானே? அப்ப ஏன் அந்த நேரம் சொல்லல்ல?” என்று கேட்டேன்.

“தங்கச்சி, அது பேந்து கதைப்பம்” என்றீர்கள்.

மாமா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். நான் எழும்பினேன். நீங்களும் எழும்பினீர்கள். விருந்தாளியை அனுப்ப வாசல் வரைக்கும் வந்தீர்கள். உங்கள் வீட்டுக்குள் உங்களுக்கு எழும்பத் தெரிந்திருந்தது.

பஸ் தரிப்பில் காற்று முகத்தைக் கிழித்தது. பிறகு என்பதை உங்கள் பக்கத்தில் பேந்து என்பீர்கள், எங்கள் பக்கத்தில் மறுகா என்போம். மாமா, “மறுகா எண்டா எங்கட பக்கத்தில நாளைக்கு, இல்லாட்டி அடுத்த கிழமை. இவங்கட பேந்து எப்ப வரும் புள்ள?” என்று கேட்டார். நான் சிரித்தேன். அந்தப் பேந்து இன்னும் வரவில்லை, செயலாளர் ஐயா.

பனி கரைந்ததும் ஷாலேயை இடித்தார்கள். காவலாளியை வேறு எங்கேயோ மாற்றினார்கள், அல்லது நிறுத்தினார்கள், தெரியாது. எங்கள் பிள்ளைகள் சிதறின. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பெண் தன் வீட்டில் சில பிள்ளைகளைப் பார்த்தார். இரண்டு பஸ் மாற வேண்டும். வீட்டுக்காரன் சத்தம் போட்டதும் அதுவும் நின்றது. நான் தொழிற்சாலையை விட்டேன். தைக்கிற துணியை வீட்டுக்கு எடுத்து வந்து குசினிக்குள் தைத்தேன். பகலில் நித்திரை கொள்ளும் கணவரின் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடியது. அந்த வருடங்களில் நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதைவிடச் சண்டை பிடித்ததுதான் அதிகம். அதை எல்லாம் உங்கள் தலையில் கட்டவில்லை. அது வாழ்க்கை. ஆனால் அந்த அறை இருந்திருந்தால் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும். கொஞ்ச நாளில் குடியேறியவர்களைப் பற்றிய ஏதோ ஆலோசனைக் குழுவுக்கு நகரசபை உங்களை எடுத்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

சனத்துக்கு யாரையாவது ஏச வேண்டும். சேர்மனை ஏசியது. “சேர்மன் எழும்பி எங்கட இடத்தைக் குடுத்திட்டார்” என்று கடையிலும் கோயிலிலும் பேசினார்கள். அவரோடு சேர்ந்து எழும்பிய ஆட்களே பேசினார்கள். டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்க நின்றவரிடம் ஒருத்தர், “என்ன சேர்மன், இண்டைக்கு எதைக் குடுக்கப் போறியள்?” என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். பதில் சொல்ல வாயெடுத்தேன். மாமா என் கையைப் பிடித்தார். “எழும்பினது நான்தானே புள்ள” என்றார். உங்கள் பெயரை அவர் ஒரு இடத்திலும் எடுக்கவில்லை. மற்றவர்கள் எடுக்கவும் விடவில்லை. எங்களுக்கு இருந்தது ஒரு சங்கம், அதை உடைக்கக்கூடாது என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. இப்போதும் படவில்லை. அவர் அன்றைக்கு வாய் திறந்திருந்தால் இன்றைக்கு மலரில் நீங்கள் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

அதற்குப் பிறகு அவர் கூட்டங்களில் கதிரையில் இருப்பதில்லை. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, செத்தவீடு, எதுவானாலும் வருவார். பிந்தி வருவார். பின்சுவரோடு சாய்ந்து நிற்பார். யாராவது கதிரையைக் கொண்டுபோனால் கையைக் காட்டி வேண்டாம் என்பார். சாப்பாட்டையும் நின்றபடி முடிப்பார். சேர்மனுக்குத் தலைக்கனம் போகவில்லை, எங்களோடு சமமாக இருக்க மாட்டார் என்று பேசினார்கள். நானும் ஒரு நாள் கேட்டேன். ஒரு பிறந்தநாள் விழா. அவருக்கு அப்போது முழங்கால் நோவு. நின்று நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தார்.

“ஏன் மாமா நிக்கிறீங்க? கால் நோகுதெல்லோ. ஒரு கதிரையில இரிங்க.”

“இருந்தா எழும்போணும் புள்ள” என்றார்.

தட்டிலிருந்த கேக்கை என் மகளுக்குக் கொடுத்தார். அவருடைய கடைசிக் காலம் வரைக்கும் அப்படித்தான். அவருடைய செத்தவீட்டுக்கு நீங்கள் வந்தீர்கள். மலர்வளையம் வைத்தீர்கள். முன்வரிசையில் இருந்தீர்கள்.

போன கிழமை அந்தப் பூங்காப் பக்கம் போனேன். தரிப்பிடம் இருக்கிறது. கடைத்தெருவில் பாதிக் கடைகள் மூடிக்கிடக்கின்றன. நான் நின்ற நேரத்தில் ஒரு மூலையில் இரண்டு கார்கள் நின்றன. மற்றது வெறும் தார். ஷாலே வாசல் எங்கே இருந்தது என்று தேடினேன். மரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தும் பிடிபடவில்லை. என் மகள் இப்போது ஒரு பிள்ளைக்குத் தாய். கூட வந்திருந்தாள். இங்கேதான் நடை பழகினாய் என்றேன். பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். இங்கேயா, கார் நிற்கிற இடத்திலா என்று கேட்டாள். அவளுக்கு முழுக்கதையையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் கேட்டது ஒரே கேள்விதான்: அந்த ஆளிடம் யாராவது கேட்டீர்களா?

கேட்டேன். ஒரு தடவை, உங்கள் வீட்டுச் சோபாவில் இருந்து கேட்டேன். பேந்து என்றீர்கள். இப்போது மறுபடியும் கேட்கிறேன். எல்லோரும் வாசிக்கிற இடத்தில் கேட்கிறேன். அந்த அம்மா லெவே-வு என்றபோது உங்களுக்கு விளங்கியதா, இல்லையா? விளங்கியது என்றால், பக்கத்தில் இருந்த மனிதர் “இப்பவா தம்பி” என்று கேட்டபோது ஏன் அவருடைய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்து இருத்தவில்லை? பயமா? வெட்கமா? நாங்கள் எல்லோரும் எழும்பி நின்றது உங்களுக்கு வசதியாகப் போயிற்றா? எந்தப் பதிலாக இருந்தாலும் பரவாயில்லை. பயந்தேன் என்றால் அதையும் ஏற்பேன். அந்த நாளில் எங்களில் யார்தான் பயப்படவில்லை? ஆனால் அதைச் செத்த மனிதரின் தலையில் வைத்துவிட்டு நீங்கள் போக முடியாது.

சங்கத்தின் விழாவில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். மேடையில் உங்களுக்கு ஒரு கதிரை போட்டிருப்பார்கள். இரும்புக் கதிரையாக இருக்காது, துணி போர்த்தி நாடா கட்டிய கதிரையாக இருக்கும். நான் வருவேன். கதிரை தந்தாலும் வேண்டாம் என்பேன். சேர்மன் மாமா நின்ற மாதிரிப் பின்சுவரோடு நிற்பேன். பதிலை என் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டாம். தொலைபேசியில் எடுத்துத் தங்கச்சி என்று தொடங்க வேண்டாம். அந்த ஒலிவாங்கிக்கு முன்னால், அந்தச் சனத்துக்கு முன்னால் சொல்லுங்கள்.

கதிரையில் இருந்தபடி சொல்லாதீர்கள். எழும்பிச் சொல்லுங்கள். அப்போதுதான் பதிவாகும்.